ஒழுகும் தண்ணீர்ப் பை: எதைப் பார்த்து வாங்குவது?

கர்நாடகத்தின் குமார பர்வதம் மலை ஏறும்போது முதுகுப்பைக்குள் இருந்த, குழாய் வழியே உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்ப் பை ஒழுகி, மாற்றுத்துணியெல்லாம் நனைந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். புதிது வாங்குவதற்கு முன், ஒழுகியது எங்கே என்று பாருங்கள். பெரும்பாலும் பை கிழிந்திருக்காது. குழாய் பொருந்தும் இடத்தில் ஒரு சிறிய ரப்பர் வளையம் இருக்கும். அதில் மணல்துகள் ஒட்டினாலே சொட்டத் தொடங்கிவிடும். வளையத்தைக் கழற்றிக் கழுவி, 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை குழாயை அழுத்திப் பொருத்துங்கள்.

அப்படியும் நிற்கவில்லை என்றால் தாராளமாகப் புதிது வாங்குங்கள். டிபியு (TPU) என்ற வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக்கில் செய்த பைகள் மடிப்பில் எளிதில் விரிசல் விடுவதில்லை. திருகுமூடி வைத்த பையை நிரப்புவது எளிது, ஆனால் மரை கோணலாக ஏறினால் கசியும். மேல்விளிம்பு முழுவதும் திறந்து, ஒரு நீளப் பட்டையைச் செருகி மூடும் வகையையே நான் சொல்வேன். உள்ளே கைவிட்டுத் தேய்க்கலாம். ஹைட்ராபேக் நிறுவனத்தின் சில பைகளை உள்புறம் வெளியே வரும்படி திருப்பியே உலர்த்தலாம். ஈரம் தங்கினால் பூஞ்சை நிச்சயம். கடித்து உறிஞ்சும் முனைக்குப் பூட்டு இருக்கிறதா என்பதையும் கட்டாயம் பாருங்கள். பஸ்ஸில் பை அழுந்தும்போது தண்ணீர் கொட்டுவது அந்த வழியாகத்தான்.

வாங்கியதும் முழுக்க நிரப்பி, செய்தித்தாள்மேல் படுக்கவைத்து, நாலைந்து தடித்த புத்தகங்களை மேலே ஏற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.