ரோத்சில்ட் குடும்பத்தின் உண்மையான பெயர் வேறா? பிறகு மாற்றிக்கொண்டார்களா?

நீங்கள் கேட்பது வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதைதான்: இந்தக் குடும்பத்தின் வங்கித் தொழிலைத் தொடங்கிய மாயர் அம்ஷெல், 'பாவர்' என்ற சொந்தப் பெயரை மறைத்துவிட்டு, கடை வாசலில் சிவப்புக் கேடயம் ஒன்றை மாட்டி, அதையே குடும்பப் பெயராக்கிக்கொண்டாராம். சிவப்புக் கேடயம் உண்மை. ரோத்சில்ட் என்றால் ஜெர்மனில் அதுதான் பொருள். ரோத்சைல்ட் என்பது ஆங்கிலேயர் வாயில் மாறிய உச்சரிப்பு. மீதிக் கதை தேதிகளைப் பார்த்தாலே நிற்காது.

இந்த யூதக் குடும்பத்தின் ஊர் ஜெர்மனியின் பிராங்க்பர்ட். அதன் நகர மன்றம் 1462-ல் ஊரிலிருந்த யூதர்களை மதிலை ஒட்டிய ஒரே தெருவுக்குள் தள்ளியது. அந்தத் தெருவின் பெயர் யூடன்காசே. நீளம் சுமார் 330 மீட்டர், அகலம் பல இடங்களில் மூன்று நான்கு மீட்டர்தான். இரவானால் வாயிற்கதவைப் பூட்டிவிடுவார்கள். ஆட்கள் பெருகினாலும் தெருவை நீட்ட முடியாது என்பதால் வீடுகளைக் கூறு போட்டார்கள், வீட்டுக்குப் பின்னால் இன்னொரு வீட்டைச் செருகினார்கள். கதவு எண் கிடையாது, வாசலில் அடையாளச் சின்னம்தான்: சேவல், கப்பல், நட்சத்திரம், விதவிதமான நிறத்தில் கேடயங்கள். தெரு முழுக்க ஈசாக்கும் மோசஸும் இருந்தால் யாரென்று எப்படிச் சொல்வது? எந்த வீட்டு ஈசாக் என்று சொல்லித்தான்.

இந்தக் குடும்பத்தின் மூதாதை ஈசாக், சிவப்புக் கேடய வீட்டைக் கட்டியது 1560-களில். மாயர் அம்ஷெல் பிறந்ததோ 1744-ல்! அதைவிட வேடிக்கை, 1664-லேயே குடும்பம் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அதே தெருவில் 'ஹின்டர்ஃபான்' என்ற பின்கட்டு வீட்டுக்குப் போய்விட்டது. மாயர் பிறந்தது அங்கேதான். வீடு போயும் பெயர் ஒட்டிக்கொண்டது. 1769-ல் ஹனாவ் இளவரசரின் அரசவை வணிகர் என்ற பட்டம் கிடைத்ததும் வாசலில் அவர் மாட்டிய பலகையில் இருந்த பெயர் எம். ஏ. ரோத்சில்ட். 1780-களில் கையில் காசு சேர்ந்தபின் குடிபோனது எந்த வீட்டுக்குத் தெரியுமா? பச்சைக் கேடயம். அதற்காகப் பெயரைப் பச்சையாக்கிக்கொள்ளவில்லை.

(அவர் மனைவி கூட்லே 1849-ல் இறக்கும்வரை அந்தக் குறுகலான வீட்டைவிட்டு நகரவில்லை. பிள்ளைகள் அதற்குள் ஐரோப்பா முழுக்க மாளிகை கட்டியிருந்தார்கள்.)

அந்தக் காலத்தில் வீடு மாறினால் பெயரும் மாறுவது சகஜம். யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைத்தே ஆகவேண்டும் என்ற சட்டம் ஆஸ்திரியாவில் 1787-ல்தான் வந்தது, பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசில் 1812-ல். அதனால் பழைய ஏடுகளில் ஒரு கிளைக்கு வேறு பெயர் தென்பட்டால் உடனே சதி வேலை என்று முடிவு கட்ட வேண்டாம். 'வான்' என்ற பிரபு அடைமொழி மட்டும் பிறகு சேர்ந்தது. ஆஸ்திரியப் பேரரசர் 1816-ல் கொடுத்தார், 1822-ல் பாரன் பட்டமும் வந்தது. அப்போது அமைந்த குலச்சின்னத்தின் நடுவிலும் ஒரு சிறிய சிவப்புக் கேடயம் உண்டு.

இந்தப் பெயர் உள்ள எல்லோரும் வங்கிக் குடும்பமா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. 1664-க்கு முன்பே பிரிந்துபோன கிளைகள் இருந்திருக்கும், தொடர்பே இல்லாதவர்களும் இருப்பார்கள். வங்கிச் சொத்தைப் பொறுத்தவரை மாயர் தன் உயிலில் மகள்களையும் மருமகன்களையும்கூட ஒதுக்கிவிட்டார். ஐந்து மகன்களுக்கும் அவர்களது வாரிசுகளுக்கும் மட்டுமே தொழிலில் பங்கு.

அதே தெருவில் கருப்புக் கேடய வீடும் இருந்தது. ஜெர்மனில் ஷ்வார்ட்ஸ்சில்ட். கருந்துளைக் கணக்கில் வருகிற 'ஷ்வார்ட்ஸ்சில்ட் ஆரம்' அந்தப் பெயர்தான். இயற்பியலாளர் கார்ல் ஷ்வார்ட்ஸ்சில்ட் 1873-ல் பிராங்க்பர்ட்டில் பிறந்தவர்.