தொழில் கற்றுக்கொடுத்த அக்காவிடம் குறையை எப்படிச் சொல்வது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஒன்பது வருடம் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். மூன்று மாதத்துக்கு முன்னால் என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். லைனில் 28 பேர். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அக்காவும் அதில் ஒருவர், வயது 48. அவர் தைக்கும் ஷோல்டரில் அடிக்கடி தையல் விட்டுப்போகிறது. சொன்னால், "நேத்து வரைக்கும் எங்கிட்டக் கேட்டுக் கேட்டுத் தச்ச புள்ளதானே நீ" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறார். சொல்லாவிட்டால் பி.எம். (புரொடக்ஷன் மேனேஜர்) என்னைத் திட்டுகிறார். அதனால் ஷிப்ட் முடிந்ததும் அந்த ஆல்டர் பீஸ்களை (குறை கண்டு திருத்த வேண்டியவை) நானே பிரித்துத் தைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன். இப்படி எத்தனை நாள் ஓட்டுவது?

பதில்: உங்கள் கேள்வியில் அக்கா சொல்லும் வார்த்தையைவிட, ஷிப்ட் முடிந்து நீங்கள் தைக்கும் தையல்தான் எனக்குக் கவலை தருகிறது. அதை முதலில் நிறுத்துங்கள். அன்பினால் செய்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் அதனால் மூன்று பேருக்கு உண்மை தெரியாமல் போகிறது. தன் தையல் விட்டுப்போவது அக்காவுக்குத் தெரிவதில்லை. லைனில் என்ன சிக்கல் என்பது பி.எம்.முக்குத் தெரிவதில்லை. எந்த மெஷினில், எத்தனை பீஸ் என்ற கணக்கு உங்களுக்கே கையில் நிற்பதில்லை.

ஓவர்லாக்கைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் இதை நினைத்துப் பாருங்கள். மெஷினில் உள்ள கத்தி துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டேதான் தைக்கிறது. பிரித்து மறுபடி தைத்தால் இன்னும் கொஞ்சம் வெட்டுப்படும். தையல் சரியாகிவிடும், ஷோல்டர் அளவு குறைந்துவிடும். பையரின் ஆள் வரும்போது அந்தக் குறை அளவுக் கணக்கில் வந்து நிற்கும். பல ஆர்டர்களில் ஏ.க்யூ.எல்., அதாவது எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற வரம்பு, 2.5 என்று வைத்திருப்பார்கள். வழக்கமான முறைப்படி 3,000 பீஸ் லாட்டில் 125 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். மேஜர் (பெரிய) குறையுள்ளது ஏழு வரை இருந்தால் பாஸ், எட்டாவது வந்தால் லாட்டே திரும்பிவிடும். அப்புறம் மூவாயிரத்தையும் பிரித்து அடுக்கி மறுபடி செக்கிங். ஷோல்டரில் தையல் விட்டால் பெரும்பாலும் மேஜரில்தான் சேர்ப்பார்கள். ஆக, காலை பத்து மணிக்கு மெஷின் பக்கத்தில் கண்டுபிடிக்கிற ஒரு பீஸ்தான் உங்களுக்கு லாபம். ராத்திரி எட்டு மணிக்கு நீங்கள் சரிசெய்கிற முப்பது பீஸ் அப்படி இல்லை.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு முன்னால், ஏன் தையல் விடுகிறது என்று பார்த்துவிடுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் சூப்பர்வைசர்களுக்கு என்றே டி.டபிள்யூ.ஐ. (டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) என்ற பயிற்சி நடந்தது. போருக்குப் பிறகு அது ஜப்பானுக்கும் போனது. ஆட்களோடு வரும் பிரச்சினையைக் கையாள அதில் சொல்லித்தரும் முதல் வேலை, விஷயத்தை முழுசாகத் தெரிந்துகொள்வது. அது இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது.

இரண்டு நாள் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். தையல் காலையில் விடுகிறதா, மதியத்துக்கு மேலா? எல்லாக் கலரிலுமா, கறுப்பு, நேவி புளூவில் மட்டுமா? ஊசி எப்போது மாற்றியது? வேறொரு டெய்லர் அதே மெஷினில் உட்கார்ந்தால் விடுகிறதா? ஊசி வளைந்திருந்தாலோ நூலைப் பின்னும் லூப்பரின் செட்டிங் தள்ளியிருந்தாலோ யார் தைத்தாலும் விடும். அது மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் தீர்க்க வேண்டிய விஷயம், அக்காவிடம் பேசித் தீராது.

கறுப்புத் துணியில், மாலை நேரத்தில்தான் அதிகம் என்று தெரிந்தால், என் சந்தேகம் கண்ணின் மேல் போகும். அக்காவுக்கு 48 வயது. நாற்பதைத் தாண்டினால் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது எல்லோருக்கும் வருவதுதான். வெள்ளெழுத்து என்று வீட்டில் சொல்வோமே, அது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது தாண்டிய 751 தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2018இல் வெளியானது. பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும் கண்ணாடி கொடுக்கப்பட்டவர்கள் பறித்த இலை, கண்ணாடி இல்லாதவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடியது. வேறு எதையும் மாற்றவில்லை. தேயிலைக் கொழுந்துக்கே அப்படி என்றால், கறுப்புத் துணியில் கறுப்பு நூலுக்கு எவ்வளவு வேண்டியிருக்கும்! நம் லைன்களில் கண்ணாடி போட்டால் "வயசாயிடுச்சு, கழிச்சுவிடுவாங்க" என்று பயந்து மறைக்கிற அக்காக்கள் இருக்கிறார்கள். நான் பயிற்சி கொடுக்கப் போன ஒரு கம்பெனியில் ஓர் அம்மா கண்ணாடியை டிபன் பாக்ஸ் பையிலேயே வைத்திருந்தார். மதியம் வீட்டிலிருந்து போன் வந்தால் எடுத்துப் போடுவார். மெஷினில் உட்காரும்போது மறுபடி பைக்குள் போய்விடும். அதைப் பார்த்த நாளிலிருந்து 'கவனமில்லை' என்று யாரையும் சட்டென்று நான் சொல்வதில்லை.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அக்காவுக்கு ஷிப்ட் சம்பளமா, பீஸ் ரேட்டா? பீஸ் ரேட் என்றால் பிரித்துத் தைக்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. தவறு கண்ணில் பட்டாலும் பீஸ் கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பதுதான் யாருக்கும் தோன்றும்.

சரி, இனி பேச்சு. இரண்டு தனித்தனிப் பேச்சு தேவைப்படுகிறது. நீங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

முதலாவது, பீஸைப் பற்றியதே இல்லை. உங்களை மேலே ஏற்றினார்கள், அக்காவை ஏற்றவில்லை. இந்த மூன்று மாதத்தில் அதைப் பற்றி நீங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டீர்கள். "நேத்து வரைக்கும்" என்று அவர் சொல்வது தையலுக்கான பதில் இல்லை, இதற்கான பதில். கம்பெனிக்கு வெளியே, அல்லது சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: "அக்கா, ஓவர்லாக் எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்க. இப்ப நான் இந்த வேலைல நிக்கறது உங்களுக்கு எப்படி இருக்குன்னு நான் கேட்கவே இல்ல. கேட்டிருக்கணுமுங்க." அப்புறம் சும்மா இருங்கள். அவர் கோபப்படலாம், அழலாம், பேச்சை மாற்றலாம். பதிலுக்கு நியாயம் சொல்ல வேண்டாம். அன்றைக்குத் தையலைப் பற்றி வாயே திறக்காதீர்கள். திறந்தால், இவ்வளவு நேரம் பேசியது இதற்குத்தானா என்று ஆகிவிடும்.

இரண்டாவது பேச்சு ஒரு நாள் கழித்து, மெஷின் பக்கத்தில். லைனில் சத்தம் அதிகம், ரேடியோவும் ஓடும். நின்றுகொண்டு சொல்ல வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். கத்தினால் நல்ல வார்த்தையும் திட்டு மாதிரித்தான் கேட்கும், முன்னும் பின்னும் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் உயரத்துக்கு உட்காருங்கள். பி.எம். திட்டிவிட்டுப் போன அடுத்த நிமிடம் வேண்டாம், சனிக்கிழமை சம்பள நேரத்திலும் வேண்டாம். காலை டீக்கு முன்னால் நல்லது. மிச்ச நாள் முழுக்கக் கையில் இருக்கும்.

"கவனமா தைங்கக்கா" என்று சொல்லாதீர்கள். அதை வைத்துக்கொண்டு அவர் கையால் எதையும் மாற்ற முடியாது. பீஸைக் கையில் கொடுங்கள். "இந்த இடத்துல விட்டிருக்குங்கக்கா. நேத்து ஏழு பீஸ் பார்த்தேன், ரெண்டுல இப்படி. ரெண்டுமே கறுப்பு. எதனாலன்னு உங்களுக்குத் தோணுது?" இத்தனை வருடம் ஊசி பிடித்த கை அது. உங்களுக்குத் தெரியாத காரணம் அவருக்குத் தெரிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அவர் சொல்வதைச் செய்துபாருங்கள். மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னால் அப்போதே கூப்பிடுங்கள். மதியம் திரும்பப் போய் இன்னொரு ஏழு பீஸ் எடுத்துப் பாருங்கள், நன்றாக இருந்தால் அதையும் அதே இடத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். மதியம் நீங்கள் போகாமல் விட்டால் காலையில் பேசியது வீண்.

கண்தான் காரணம் என்று தெரிந்தால், லைனில் யார் காதிலும் விழாமல் தனியாகச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டால் வேலை போகாது என்று பி.எம்.மிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போய்ச் சொல்லுங்கள். முடிந்தால் மெஷினுக்கு ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கும் கேட்டு வாங்குங்கள்.

பி.எம். விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. அவர் வந்து கேட்பதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லுங்கள்: "சார், ஷோல்டர்ல காலைல ஏழு பீஸ் பார்த்ததுல ரெண்டுல தையல் விட்டிருந்துச்சு. ஊசி மாத்தியாச்சு. மூணு மணிக்கு மறுபடி பார்த்துட்டுச் சொல்றேன்." இதில் அக்காவின் பெயர் தேவையில்லை. முதல் சில நாட்கள் குறைகளின் எண்ணிக்கை கூடியதுபோலத்தான் தெரியும், ஏனென்றால் இதுவரை நீங்கள் மறைத்துவந்தது இப்போது வெளியே வருகிறது. அதற்காகப் பயந்து பழையபடி மறைக்கத் தொடங்காதீர்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க மருத்துவமனை வார்டுகளைப் பார்த்தபோது, நல்ல தலைமை இருந்த வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறு கூடவில்லை, சொல்வதற்குப் பயம் இல்லை என்றுதான் அவர் அதை விளக்கினார். உங்கள் பி.எம்.முக்கு எண்ணிக்கை ஏன் கூடியது என்று முதல் நாளே விளக்கிச் சொல்லிவிட்டால் திட்டு குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் அக்கா பீஸைக் கையில் வாங்க மறுத்தால்? இரண்டு வாரம் பாருங்கள். பிறகு நோட்டோடு பி.எம்.மிடம் போய், அவரை வேறு ஆப்பரேஷனுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். ஆனால் மாற்றப் போவதை முதலில் அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள், அடுத்தவர் வாயால் அவர் கேட்கக் கூடாது.

இன்று ஷிப்ட் முடிந்ததும் ஆல்டர் மூட்டையைத் தொடாதீர்கள். அதிலிருந்து மூன்று பீஸை மட்டும் எடுத்து, தேதியும் நேரமும் ஒரு சீட்டில் எழுதிக் கட்டி, உங்கள் டேபிளில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.