ஒட்டுத்தோல் அசையக்கூடாது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கணவருக்குக் காலில் தோல் ஒட்டு (வேறு இடத்துத் தோலை எடுத்துப் புண்ணில் பதிப்பது) வைத்து இரண்டு நாள் ஆகிறது. கட்டைச் சற்றுத் தூக்கி உள்ளே பார்க்கலாமா?

கூடாது. இந்த இரண்டு நாளும் ஒட்டுத்தோலுக்கு ரத்த ஓட்டமே கிடையாது. புண்ணில் கசியும் நீரை உறிஞ்சித்தான் பிழைத்திருக்கிறது. மூன்றாம் நாள் வாக்கில்தான் ரத்தக்குழாய்கள் சேரத் தொடங்கும். நீங்கள் கட்டைத் தூக்கினால் தோலும் கூடவே வரும். ஐந்தாம் நாள் வாக்கில் மருத்துவரே பிரிப்பார். அதற்குள் காய்ச்சலோ, துர்நாற்றமோ, கட்டு ஊறி நனைவதோ இருந்தால் அன்றே போய்க் காட்டுங்கள்.

கேள்வி: ஒட்டுத்தோலைப் பிடித்து வைக்கத் தையல், ஸ்டேப்ளர், பசை: எது சிறந்தது?

எந்த இடம், எவ்வளவு பெரிய புண், நோயாளிக்கு என்ன வயது என்று ஒன்றுமே எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? முதுகு, தொடை போன்ற அகன்ற பரப்புக்கு ஸ்டேப்ளர். மயக்கத்தில் இருக்கும் நேரம் மிச்சம். முகத்துக்கும் விரலிடுக்குக்கும் கரையும் தையல். ஃபைப்ரின் பசை (ரத்தம் உறைய உதவும் புரதத்தால் ஆனது) ஓரத்தை மட்டுமல்லாமல் அடிப்பரப்பு முழுவதையும் பிடிக்கும், ஆனால் விலை அதிகம். எதைப் போட்டாலும் ஒட்டு அசையக்கூடாது.

கேள்வி: ஒட்டுத்தோல் வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே?

வேண்டுமென்றே போட்ட ஓட்டைகள். அடியில் ரத்தமும் நீரும் தேங்காமல் வடியும். ஒன்றிரண்டு வாரத்தில் மூடிக்கொள்ளும்.

கேள்வி: மகளுக்கு ஸ்டேப்ளர் பின்களை எடுத்து ஒரு மாதம் ஆகிறது. தொடையில் இன்னும் ஏதோ குத்துகிறது என்கிறாள். மனப்பிரமை என்கிறார்கள்.

மனப்பிரமை என்று சொல்லும் முன் ஓர் எக்ஸ்ரே எடுத்திருக்க வேண்டும். பின் உலோகம், பளிச்சென்று தெரியும்.

ஏழு வயதுப் பையன் ஒருவனை என்னிடம் கூட்டி வந்தார்கள். வேறோர் இடத்தில் முதுகில் ஒட்டு வைத்திருந்தார்கள். நாற்காலியில் சாய மாட்டான். அடம் பிடிக்கிறான் என்றார் அம்மா. காய்ந்த பொருக்கை உப்புநீரில் ஊறவைத்து மெல்ல உரித்தேன். அடியில் ஒரு கம்பி மினுங்கியது. தேடத் தேட நான்கு பின்கள். ஆறு வாரமாக அந்தக் குழந்தை உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்: பின்னை எண்ணிப் போடுங்கள், எண்ணிக்கையை அறுவைக் குறிப்பில் எழுதுங்கள், எடுக்கும்போது ஒரு கிண்ணத்தில் போட்டு மறுபடி எண்ணுங்கள். ஐந்து நிமிட வேலை. பொருக்கு மூடிவிட்டால், தோல் மேலே வளர்ந்துவிட்டால், கண்ணால் மட்டும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்று: வலி மருந்து கொடுத்து, அது வேலை செய்யும்வரை காத்திருந்து எடுங்கள். விழித்திருக்கும் குழந்தையைப் பிடித்து அமுக்கிக்கொண்டு பிடுங்குவது கொடுமை. உங்கள் மகளுக்கு, மரத்துப்போக ஊசி போட்டுச் சில நிமிடத்தில் எடுத்துவிடலாம். அதுவரை எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் பின் இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

கேள்வி (செவிலியர்): ஒட்டின் மேல் உறிஞ்சு இயந்திரம் வைத்தால் அழுத்தம் எவ்வளவு?

75 முதல் 125 மி.மீ. பாதரச அளவு உறிஞ்சு அழுத்தம், இடைவிடாமல். பஞ்சுக்கும் தோலுக்கும் நடுவே ஒட்டாத வலைத்துணி கட்டாயம், இல்லையேல் பஞ்சோடு ஒட்டும் வந்துவிடும். இயந்திரம் நின்றால் உடனே சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றபடி விடக்கூடாது.

கேள்வி: எலும்பு முறியவில்லை. முழங்காலில் எதற்கு மாவுக்கட்டு?

எலும்புக்காக அல்ல, ஒட்டுக்காக. தையல் ஓரத்தைத்தான் பிடிக்கும். மூட்டு மடங்கினால் நடுவில் தோல் வழுக்கி, அடியில் ரத்தம் கட்டும். ஒரு வாரம் பொறுங்கள். கழிவறைக்குப் போகும்போதுகூடக் கழற்றாதீர்கள்.