பதில் வராத போனுக்கு நர்ஸ் கூப்பிடுவார்

கேள்வி: ஏழை நாடுகளில் செல்போன் மூலம் மருத்துவ உதவி என்று அடிக்கடி படிக்கிறேன். டாக்டரும் மருந்தும் இல்லாத இடத்தில் போனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பதில்: நியாயமான கேள்வி. போன் ஊசி போடாது. ஆனால் மருந்து இருந்தும் நோயாளி அதைத் தொடர்ந்து சாப்பிடாமல் விட்டுவிடும் இடத்தில் அது பெரிய வேலை செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கென்யாவில் எச்.ஐ.வி. நோயாளிகளிடம் நடந்த ஆய்வு. 2010-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கலந்துகொண்டவர்கள் 538 பேர். அவர்களில் பாதிப்பேருக்கு வாரம் ஒருமுறை கிளினிக்கிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். போகும்: ‘மாம்போ?’ அதாவது, எப்படி இருக்கீங்க? அவ்வளவுதான். நோயின் பெயரோ மாத்திரை என்ற பேச்சோ அதில் கிடையாது. வீட்டில் வேறு யார் எடுத்துப் பார்த்தாலும் ரகசியம் வெளியே வராது. நலம் என்றால் ‘சாவா’, பிரச்னை என்றால் ‘ஷிடா’ என்று இரண்டு நாளுக்குள் பதில் போட வேண்டும். ஷிடா என்றவர்களையும், பதிலே போடாதவர்களையும் நர்ஸ் போனில் கூப்பிட்டுப் பேசுவார்.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் எஸ்.எம்.எஸ். போன குழுவில் 62 சதவீதம், போகாத குழுவில் 50. ரத்தத்தில் வைரஸ் கட்டுக்குள் வந்தவர்களும் எஸ்.எம்.எஸ். போன குழுவில்தான் அதிகம். என்னைக் கேட்டால், இதில் பாதிப் புண்ணியம் கூப்பிட்டுப் பேசிய நர்ஸுக்கு. அவரை எடுத்துவிட்டு வெறும் எஸ்.எம்.எஸ்.ஸை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால் இந்தப் பலன் வரும் என்று நான் நம்பவில்லை.

சரி, மருந்தே இல்லை என்றால்? தான்சானியாவில் 129 சுகாதார நிலையங்களிடம் மலேரியா மருந்து எவ்வளவு கையிருப்பு என்று வாராவாரம் எஸ்.எம்.எஸ்.ஸில் கேட்டார்கள். எங்கே தீர்ந்துவிட்டது என்று மாவட்ட அதிகாரிக்கு உடனே தெரிந்தது. மலேரியா மருந்துகளில் ஏதாவது ஒன்றாவது தீர்ந்துபோயிருந்த நிலையங்கள் 21 வாரத்தில் 78 சதவீதத்திலிருந்து 26-ஆகக் குறைந்தன. சாதாரண பட்டன் போன் போதுமானதாக இருந்தது.

அப்புறம், ஒரு குறையையும் சொல்ல வேண்டும். வெள்ளோட்டமாக ஆரம்பித்து, நிதி தீர்ந்ததும் நின்றுபோன திட்டங்கள் ஏராளம். உகாண்டாவில் ஆளாளுக்கு இப்படித் தொடங்கியதைப் பார்த்து 2012-ல் சுகாதார அமைச்சகமே புதியவற்றுக்குத் தடை போட்டது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

கேள்வி: எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எஸ்.எம்.எஸ். எதற்கு?

பதில்: அவர்களுக்குக் குரல்தான் வழி. கர்ப்பிணிகளுக்கும் தாய்மார்களுக்கும் போனில் ஆலோசனை சொல்லும் இந்தியாவின் ‘கில்காரி’ திட்டத்தில், கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வாரம் ஒரு அழைப்பு வரும். மொத்தம் 72. எடுத்துக் காதில் வைத்தால் போதும், டாக்டர் அனிதா என்ற பாத்திரத்தின் குரல் பேசும். சிக்கல் எங்கே என்றால், பல வீடுகளில் இருக்கும் ஒரே போன் கணவர் சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடுகிறது. அதனால் பதிவு செய்யும்போதே கணவரையும் உட்கார வைத்து, இது என்ன அழைப்பு, ஏன் மனைவி கேட்க வேண்டும் என்று சுகாதாரப் பணியாளர் சொல்லிவிடுவது நல்லது. அவரும் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.