ஆணையத்தின் செலவும் அலைச்சலின் கூலியும்

அன்புள்ள ஐயா,

ரேஷன் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். நான் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அப்பா ரேஷன் கடையில் எடையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாநிலத்துக்கு ஒரு உணவு ஆணையம் இருக்க வேண்டுமாம். தலைவர், ஐந்து உறுப்பினர்கள், உறுப்பினர் செயலர், அலுவலகம், கார், பணியாளர்கள். உணவுத் துறையே இருக்கும்போது இது ஓய்வு பெற்ற அதிகாரிகளுக்கு மக்கள் பணத்தில் போடும் இன்னொரு நாற்காலி இல்லையா? அந்தப் பணத்தை அரிசியாகவே கொடுத்துவிடலாமே? புகார் சொல்ல ஒரு செல்போன் செயலி போதாதா? இருக்கிற வேறொரு ஆணையத்திடமே இந்தப் பொறுப்பையும் ஒப்படைத்துச் செலவை மிச்சம் பிடிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது என்று படித்தேன். ஆணையத்துக்கு என்ன செலவாகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும்.

க., ஈரோடு

அன்புள்ள க.,

நீங்கள் போட்ட இதே கணக்கை நான் சில வாரங்களாக எதிர்ப்பக்கத்திலிருந்து போட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

செயலி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். போதாது. 1967 என்று ஒரு தொலைபேசி எண் ஏற்கெனவே இருக்கிறது, இணையத்திலும் புகார் எழுதலாம். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்தப் புகார் எங்கே சுற்றினாலும் கடைசியில் அதே துறையின் மேசைக்குத்தான் வரும். சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்வது இந்த உள் ஏற்பாட்டைத்தான். 15ஆம் பிரிவில் மாவட்டக் குறைதீர் அலுவலர் வருகிறார். அவர் உத்தரவில் நியாயம் கிடைக்காதவர் போவதற்கு 16ஆம் பிரிவில் மாநில ஆணையம். யார்மேல் புகாரோ அவரே விசாரிக்கக் கூடாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த நியாயம். அதற்குத்தான் இந்த ஏற்பாடு. யாரும் புகார் தராவிட்டாலும் ஆணையம் தானாகவே ஒரு விஷயத்தைக் கையில் எடுக்கலாம், ஆட்களை அழைத்து விசாரிக்கலாம்.

இனி அரிசி. கணக்குப் பார்ப்பது உங்கள் தொழில். இந்த ஒரு கணக்கை மட்டும் ஏன் போட்டுப் பார்க்காமல் விட்டீர்கள் என்று எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆணையத்துக்கு ஆண்டுக்கு ஐந்து கோடி ஆகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 2.2 கோடி குடும்ப அட்டைகள். வகுத்தால் அட்டைக்கு ஆண்டுக்கு இரண்டேகால் ரூபாய். அதற்கு எவ்வளவு அரிசி வரும்? ஒரு கைப்பிடி. மாதத்துக்கு அல்ல, வருஷத்துக்கு. உணவு மானியத்துக்கு அரசு ஒதுக்குவது ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடிக்கும் மேல். நூறு ரூபாய் சரியான ஆளுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்க ஐந்து பைசாவுக்கும் குறைவாகச் செலவழிக்கிறோம். இதை வீண் என்று எந்தத் தணிக்கையாளர் எழுதுவார்?

சரி, நான் பேச நினைத்தது இதுவும் இல்லை. நீங்கள் ஆணையம் அமைக்க ஆகும் செலவைக் கேட்டீர்கள். அமைக்காமல் விட்டாலும், பெயருக்கு அமைத்தாலும் ஒரு செலவு ஆகிறது. அது எந்த பட்ஜெட் தாளிலும் வராது, அதைக் கட்டுவது அரசும் அல்ல.

என் அத்தை திருவாரூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருந்தாள். பிள்ளை இல்லை, மாமா சீக்கிரமே போய்விட்டார். நடவு, களை, அறுப்பு என்று சேற்றிலேயே கிடந்த கை. 2020 அக்டோபரில் ரேஷனுக்குக் கைரேகை வந்தது. அத்தையின் விரலில் ரேகையே இல்லை. எந்த விரலை வைத்தாலும் இயந்திரம் ஏற்கவில்லை. கடையில் இருந்த பையன் கெட்டவன் இல்லை. "ஆதாரைப் புதுப்பிச்சுட்டு வா ஆத்தா" என்றான். புதுப்பிக்கப் போன இடத்தில் சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வா என்றார்கள். தாலுகா அலுவலகத்தில் அதிகாரி முகாமுக்குப் போயிருந்தார். வர முடியாதவர் சார்பில் இன்னொருவர் பொருள் வாங்க ஒரு படிவம் இருக்கிறது. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. தாளடி நடவு நடந்துகொண்டிருந்த சமயம் அது. அலைந்த ஒவ்வொரு நாளும் கூலி போச்சு, பஸ் காசு போச்சு. ஒரு கட்டத்தில் "போனாப் போகுது" என்று விட்டுவிட்டாள். எனக்குக்கூடச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அண்ணி சொல்லித்தான் தெரியும்.

அரசு ஏட்டில் அத்தையின் பெயரில் புகார் எதுவும் இருக்காது. அவள் பிரச்சினை இல்லாத பயனாளி. புகார் வரவில்லை, ஆகவே குறை இல்லை, ஆகவே ஆணையம் எதற்கு? நீங்களும் அந்த வரிசையில்தான் யோசிக்கிறீர்கள், க. இதைக் கடுமையாகவே சொல்கிறேன்.

இப்போது உங்கள் பேனாவை எடுங்கள். 2025-26ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் குறித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். நடவுக் கூலி வேறு, அது கிடக்கட்டும். நூறு அட்டையில் ஒரே ஒரு அட்டைக்காரர், வருஷத்தில் ஒரே ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அலைகிறார் என்று வையுங்கள். 2,20,000 நாள். 336ஆல் பெருக்குங்கள். ஏழு கோடியே நாற்பது லட்சத்தை ஒட்டி வரும். நாம் ஆணையத்துக்கு வைத்த ஐந்து கோடியைவிட அதிகம். நூற்றில் ஒருவர் என்பது குறைவு என்று உங்கள் அப்பாவே சொல்வார். ஒரு நாளில் முடிகிற அலைச்சலும் இல்லை அது. பஸ் காசைச் சேர்க்கவில்லை, கிடைக்காமல் போன அரிசியைச் சேர்க்கவில்லை, கடையில் விலைக்கு வாங்கியதைச் சேர்க்கவில்லை. இந்தப் பணம் யாருடைய பையிலிருந்து போகிறது? நாட்டிலேயே குறைந்த வருமானம் உள்ளவர்களின் பையிலிருந்து. அரசு மிச்சம் பிடித்தது என்று நீங்கள் சொல்வது, அந்தச் செலவை அத்தை மாதிரி ஆட்களின் தலையில் தள்ளிவிட்டதைத்தான். ஒரு நிறுவனத்தின் கணக்கில் இப்படிச் செலவை மறைத்திருந்தால் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா?

பணம் மட்டும் போனாலும் பரவாயில்லை. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்காததால் அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை ரத்தாகியிருந்தது. வீட்டில் பல நாட்களாகச் சோறில்லை என்றாள் தாய். மலேரியா என்றது அரசு. அட்டையை ரத்து செய்த அன்றே அந்தக் குடும்பம் போய்க் கேட்க, துறைக்கு வெளியே ஒரு வாசல் இருந்திருக்க வேண்டும். சட்டம் வந்தது 2013இல். மூன்று ஆண்டு கழித்தும் பல மாநிலங்கள் ஆணையத்தை அமைக்கவில்லை. 2016 மே மாதம் வறட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்துக் கெடு வைத்தது. 2017 ஜூலையில் அதே வழக்கில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

வேறு ஆணையத்திடம் ஒப்படைக்கலாம் என்று 18ஆம் பிரிவு சொல்வது உண்மை. சட்டத்தில் இருக்கிறது என்பதற்காக அது நல்ல யோசனை ஆகிவிடாது. ஏற்கெனவே வழக்குகள் குவிந்து கிடக்கும் ஒரு அமைப்பின் கதவில் இன்னொரு பலகையை மாட்டினால், ரேஷன் கடைக்கு நேரில் வந்து பார்க்கப் போவது யார்?

நாற்காலி என்றீர்களே, அதில் உங்கள் கோபம் பாதி நியாயம். உறுப்பினர் செயலராக வருபவர் அரசு அதிகாரியேதான், இணைச் செயலர் நிலைக்குக் குறையாதவர். ஆணையத்தின் அன்றாட வேலை அவர் கையில். குறைதீர் அலுவலர் பரிந்துரைத்த நிவாரணத்தைத் தராத ஊழியருக்கு ஆணையம் விதிக்கக்கூடிய அபராதம், 33ஆம் பிரிவின்படி, அதிகபட்சம் ஐயாயிரம் ரூபாய். குறைதீர் அலுவலர் எதையுமே பரிந்துரைக்கவில்லை என்றால் அதுவும் கிடையாது. இதைக் கேளுங்கள், இதற்காகச் சண்டை போடுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் ஆணையத்தின் கார் டீசலை எண்ணாதீர்கள். அந்தக் கார் நிறைய ஓட வேண்டும் என்பது என் ஆசை. ஆண்டு முழுக்க ஷெட்டில் நின்றால் அதுதான் எனக்குக் கவலை.

அப்புறம் உங்கள் அப்பா. குறைந்த எடையோடு வரும் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, அந்தக் குறையை யார் தலையில் கட்டுவது என்று தவிக்கும் எடையாளர்களை எனக்குத் தெரியும். அட்டைக்காரரின் திட்டும் அவர்களுக்கு, அதிகாரியின் மெமோவும் அவர்களுக்கு. கிடங்கில் ஆரம்பிக்கும் குறையைக் கடைசியில் தராசு பிடிப்பவர்மேல் எழுதுகிறார்கள். ஆணையத்தின் முன்னால் உட்கார்ந்து பேச அட்டைக்காரருக்கு இருக்கும் அதே அவசியம் அவருக்கும் இருக்கிறது. அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். நிறையச் சொல்வார், பொறுமையாக உட்கார்ந்து கேளுங்கள்.

மனுவை நிறுத்த வேண்டாம். சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருப்பீர்கள், அது இருக்கட்டும். அதன் கீழே இவற்றையும் சேருங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் ஆணையத்துக்கு வந்த புகார்கள் எத்தனை, அதுவாகவே எடுத்து விசாரித்தவை எத்தனை, எந்தெந்த மாவட்டங்களுக்கு நேரில் போனார்கள், எத்தனை பேருக்கு அபராதம் விதித்தார்கள், ஆண்டறிக்கைகள் எந்தெந்தத் தேதியில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டன, உறுப்பினர் இடங்கள் எவ்வளவு காலம் காலியாக இருந்தன. பதில் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். எழுதுவதற்கு நான் உதவுகிறேன்.

அன்புடன்