சட்டம் கேளுங்கள்: ரசீதைப் படிக்கத் தெரிந்த வக்கீல்

போன இதழில், அமெரிக்காவில் ஒரு சட்ட உதவி மையத்தில் ஒன்பது ஆண்டு வேலை பார்த்ததைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை பட்டா, ஜீவனாம்சம் கேள்விகளுக்குக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே நிறத்தின் பெயராலும் வறுமையின் பெயராலும் நடக்கும் அநியாயத்தை எதிர்த்து வழக்காடுவது எப்படிப்பட்ட வேலை என்ற ஒரே விஷயத்துக்குத்தான் இந்த வாரப் பக்கம்.

கேள்வி: கறுப்பின மக்களுக்கு எதிரான சட்டங்கள் எல்லாம் 1960களிலேயே ஒழிந்துவிட்டன என்று படித்தேன். கறுப்பர் ஒருவர் அதிபராகவும் இருந்துவிட்டார். இன்னும் சிவில் உரிமை வக்கீலுக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது?
– சட்டக் கல்லூரி மாணவி, மதுரை

உண்மைதான் அம்மா, 'வெள்ளையருக்கு மட்டும்' என்ற பலகைகள் போய்விட்டன. 1954-ல் பிரவுன் தீர்ப்பு வந்து பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் ஆனது, 1964-ல் சிவில் உரிமைச் சட்டம், அடுத்த ஆண்டு வாக்குரிமைச் சட்டம், 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில் வீட்டுவசதிப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம். ஆனால் பலகை தொங்கிய காலத்தில் அநியாயம் கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைக்கு அது பெரும்பாலும் ஒரு பில்லாக, அபராதச் சீட்டாக, சம்பளத்தில் ஒரு பிடித்தமாக வீட்டுக்கு வருகிறது, அதில் நிறம் என்ற சொல் எங்கேயும் இருக்காது.

மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டி ஃபெர்குசன் என்று ஓர் ஊர், மக்கள்தொகை சுமார் 21,000. 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது இளைஞரை அங்கே ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார், ஊரே தெருவுக்கு வந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு மத்திய அரசின் நீதித் துறை அந்த ஊர்ப் போலீசையும் நகர நீதிமன்றத்தையும் விசாரித்து 2015 மார்ச்சில் ஓர் அறிக்கை கொடுத்தது. ஊரில் கறுப்பர்கள் 67 சதவீதம், ஆனால் கைதானவர்களில் அவர்கள் 93 சதவீதம். அந்த நிதியாண்டில் நகராட்சி எதிர்பார்த்த சுமார் 1 கோடியே 33 லட்சம் டாலர் பொது வருவாயில் சுமார் 31 லட்சம் அபராதத்திலிருந்தும் கட்டணத்திலிருந்தும் வர வேண்டும் என்று பட்ஜெட்டிலேயே எழுதி வைத்திருந்தார்கள். வரி வசூலிப்பது போல அபராதம் வசூலித்திருக்கிறார்கள், அதற்குப் போலீசை அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த அறிக்கையில் பெயர் சொல்லாமல் ஒரு பெண்ணின் கதை வருகிறது. 2007-ல் வண்டியைத் தவறாக நிறுத்தியதற்கு அவருக்கு இரண்டு சீட்டு, அபராதம் 151 டாலர், அதன்மேல் கட்டணங்கள். அவர் கையில் காசில்லை, சில காலம் தங்க வீடும் இல்லை. வாய்தாவுக்கு வராததற்கும் தவணை தவறியதற்கும் ஏழு முறை புதுப்புதுக் குற்றமாகப் பதிந்தார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரன்ட், கூடவே இன்னும் அபராதம். இரண்டு முறை கைதாகி ஆறு நாள் சிறையில் இருந்தார். 25 டாலர், 50 டாலர் என்று முடிந்ததை அனுப்பிப் பார்த்தார், முழுத் தொகையைத் தவிர எதையும் வாங்க மாட்டோம் என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிட்டது. 2014 டிசம்பர் கணக்குப்படி அந்தப் பெண் 550 டாலர் கட்டி முடித்திருந்தார், இன்னும் பாக்கி 541 டாலர். திரும்ப ஒரு முறை அந்த எண்களைப் படியுங்கள்.

கட்ட வழியில்லாதவரை, அவரால் முடியுமா முடியாதா என்று விசாரிக்காமல் சிறையில் போடக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1983-லேயே பியர்டன் வழக்கில் சொல்லிவிட்டது. சொல்லி முப்பது ஆண்டு கழித்துத்தான் ஃபெர்குசன். தீர்ப்பு இருப்பது வேறு, அதைச் சின்ன ஊர் நீதிமன்றத்தில் ராத்திரி ஏழு மணிக்கு எழுந்து நின்று சொல்ல ஒரு ஆள் இருப்பது வேறு. நீங்கள் கேட்ட வேலை அதுதான். செயின்ட் லூயிஸில் ஆர்ச் சிட்டி டிஃபெண்டர்ஸ் என்ற அமைப்பின் வக்கீல்கள் அந்த வேலையைச் செய்தார்கள். பக்கத்து ஊரான ஜென்னிங்ஸ், அபராதம் கட்ட முடியாமல் சிறைக்குப் போனவர்களுக்கு 47 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்க 2016-ல் ஒப்புக்கொண்டது.

கேள்வி: ஏழை வெள்ளையர்களும் அங்கே கோடிக்கணக்கில் இருக்கிறார்களே. வறுமையையும் நிறத்தையும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?
– வாசகர், ஈரோடு

நியாயமான கேள்வி. முடிச்சை நான் போடவில்லை, வேறு யாரோ போட்டதை அவிழ்க்கத்தான் வக்கீல்கள் பாடுபடுகிறார்கள். கிரிக்ஸ் வழக்கைப் பாருங்கள். வட கரோலினாவில் டியூக் பவர் கம்பெனியின் மின் நிலையத்தில் கறுப்பர்களுக்குக் கூலி வேலைப் பிரிவு மட்டும்தான். அந்தப் பிரிவில் மிக அதிகச் சம்பளம் வாங்குகிறவர்கூட மற்றப் பிரிவில் மிகக் குறைந்த சம்பளக்காரரைவிடக் குறைவாகத்தான் வாங்கினார். வேலையில் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1965 ஜூலை 2-ல் அமலுக்கு வந்தது. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? அதே ஜூலை 2-ல், நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர இரண்டு எழுத்துத் தேர்வு தேற வேண்டும் என்று விதி போட்டது. பள்ளி இறுதிச் சான்றிதழும் வேண்டும். அந்த மாநிலத்தில் அப்போது வெள்ளை ஆண்களில் 34 சதவீதம் பேரிடமும் கறுப்பின ஆண்களில் 12 சதவீதம் பேரிடமும்தான் அந்தச் சான்றிதழ் இருந்தது, ஏனென்றால் நல்ல பள்ளிக்கூடத்துக்குள் கறுப்பினப் பிள்ளைகளை விட்டதே இல்லை. வேடிக்கை என்னவென்றால், சான்றிதழ் இல்லாமல் முன்பே சேர்ந்த வெள்ளையர்கள் அதே வேலையை நன்றாகவே செய்துகொண்டிருந்தார்கள்.

அங்கே வேலை பார்த்த 14 கறுப்பினத் தொழிலாளர்களில் 13 பேர் வழக்குப் போட்டார்கள். 1971-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் நின்றது. விதி பார்க்க எல்லாருக்கும் ஒன்று போல இருந்தாலும், வேலைக்குச் சம்பந்தமில்லாமல் ஓர் இனத்தை மட்டும் வெளியே நிறுத்துமானால் அது செல்லாது, கெட்ட எண்ணம் இருந்ததா என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்றது. எவ்வளவு பெரிய கதவு அது! 2025 ஏப்ரலில் அதிபர் டிரம்ப், மத்திய அரசுத் துறைகள் இந்த வாதத்தைக் கைவிட வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். எனக்கு இதில் தாங்க முடியாத வருத்தம் உண்டு, ஏனென்றால் எண்ணத்தை நிரூபி என்று சொன்னால் ஏழைத் தொழிலாளியால் எந்தக் காலத்திலும் நிரூபிக்க முடியாது, கம்பெனி அலமாரியில் என்ன காகிதம் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம், ஏழை வெள்ளையர் விஷயம். பியர்டன் தீர்ப்பு வந்தபோது அது எல்லா ஏழைக்கும்தான் வந்தது. எங்கள் மையத்தின் வாசலில் எல்லா நிறத்தவரும் உட்கார்ந்திருப்பார்கள்.

கேள்வி: கட்சிக்காரரிடம் காசே இல்லை என்றால் வக்கீல் எப்படிப் பிழைப்பார்?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோவை

வங்கிக்காரர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். கிரிமினல் வழக்கில் ஏழைக்கு அரசு வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று 1963-ல் கிடியன் தீர்ப்பு சொன்னது. வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றும் வழக்கு மாதிரி சிவில் வழக்குக்கு அந்த உரிமை நாடு முழுக்க இல்லை, 2017-ல் நியூயார்க் நகரம்தான் வாடகைதாரர்களுக்கு முதலில் அதைச் சட்டமாக்கியது. அரசு அதிகாரி உரிமையை மீறினால் வழக்குப் போட 1871-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை அடக்கப் போட்ட சட்டம், அதுதான் இன்றைக்கும் எங்கள் கைக்கருவி. 1976-ல், இந்த மாதிரி வழக்கில் ஜெயித்தால் எதிர்த்தரப்பே வக்கீல் பீஸ் கொடுக்கச் செய்யலாம் என்று சட்டம் செய்தார்கள். அதனால்தான் காசில்லாத ஆளுக்காகவும் வருடக்கணக்கில் வழக்கு நடத்த முடிகிறது.

அதிலும் இப்போது ஓட்டை விழுந்திருக்கிறது. நீதிமன்ற அபராதம் கட்டாவிட்டால் ஓட்டுநர் உரிமம் தானாகவே முடங்கும் என்று வர்ஜீனியாவில் சட்டம் இருந்தது. பஸ் இல்லாத ஊரில் உரிமம் போனால் வேலை போகும், வேலை போனால் அபராதம் எங்கிருந்து கட்டுவது? வக்கீல்கள் வழக்குப் போட்டு 2018-ல் இடைக்கால உத்தரவு வாங்கினார்கள், தீர்ப்பு வருவதற்குள் மாநிலமே 2020-ல் அந்தச் சட்டத்தை ரத்து செய்துவிட்டது. ஜெயித்த மாதிரிதானே? 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில், இடைக்கால உத்தரவு வாங்கியது வெற்றி ஆகாது, பீஸ் கிடையாது என்று சொல்லிவிட்டது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் சட்டத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு, பீஸிலிருந்தும் தப்பிக்கலாம் என்று எல்லா மாநிலத்துக்கும் வழி காட்டியாகிவிட்டது.

சம்பளம் கேட்டீர்கள். பெரிய கம்பெனி வக்கீல் அலுவலகங்களில் முதல் வருடமே 2,25,000 டாலர் கொடுக்கிறார்கள். சட்ட உதவி மையத்தில் சேருகிறவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். படிப்புக் கடன் வேறு கழுத்தை நெரிக்கும். பத்து ஆண்டு பொதுச் சேவையில் இருந்து 120 தவணை கட்டினால் மிச்சக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2007-ல் வந்தது, என்கூட வேலை பார்த்த இளைஞர்களில் பாதிப் பேர் அதை நம்பித்தான் அங்கே இருந்தார்கள்.

கேள்வி: என் தம்பி வெல்டர், வெளிநாடு போக ஏஜென்டிடம் பேசிக்கொண்டிருக்கிறான். நம்மவர்களுக்கும் இந்த வக்கீல்களுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

உண்டு, தம்பியையும் இதைப் படிக்கச் சொல்லுங்கள். 2005-ல் கத்ரீனா புயல் அடித்து ஓய்ந்த பிறகு, மிசிசிப்பியில் பாஸ்ககூலா என்ற ஊரில் சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கப்பல் பட்டறைக்கு இந்தியாவிலிருந்து சுமார் 500 வெல்டர்களையும் குழாய் பொருத்துகிறவர்களையும் கூட்டிப்போனார்கள். கிரீன் கார்டு வாங்கித் தருவோம், குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி ஒவ்வொருவரிடமும் 10,000 டாலருக்குமேல் வாங்கினார்கள், பலர் நிலத்தை விற்றும் வட்டிக்கு வாங்கியும் கொடுத்தார்கள். போன இடத்தில் வேலி போட்ட முகாம், வாசலில் காவல், ஒரு கொட்டகைக்கு 24 பேர் வரை, இதற்கு மாதம் 1,050 டாலர் சம்பளத்தில் பிடித்தம். வெளியே வீடு பார்த்துத் தங்கினாலும் பிடித்தம் உண்டு. கிரீன் கார்டு வரவே இல்லை.

2008 மார்ச்சில் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள், வாஷிங்டன் வரை போய் உண்ணாவிரதம் இருந்தார்கள். சதர்ன் பாவர்ட்டி லா சென்டர் என்ற சிவில் உரிமை அமைப்பு வழக்குப் போட்டது. எல்லாரையும் சேர்த்து ஒரே வழக்காக நடத்த நீதிமன்றம் அனுமதிக்காததால், பெரிய பெரிய சட்ட நிறுவனங்கள் பீஸ் வாங்காமல் ஆளுக்குக் கொஞ்சம் பேரைப் பிரித்துக்கொண்டன. 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் ஜூரி முதல் ஐந்து பேருக்கு மட்டும் 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அந்த ஆண்டே கம்பெனி திவாலாகி, மற்ற வழக்குகளையும் சேர்த்து 2 கோடி டாலருக்குச் சமரசம் பேசி மன்னிப்பும் கேட்டது. வேலையை விட்டு வெளியேறியதிலிருந்து ஏழு ஆண்டு. தம்பியிடம் சொல்லுங்கள்: ஏஜென்டுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது, ஒவ்வொரு வாக்குறுதியும் எழுத்தில்.

கேள்வி: தர்குட் மார்ஷல் மாதிரி வக்கீலாக என்ன படிக்க வேண்டும்?
– பிளஸ் டூ மாணவர், நாகர்கோவில்

இங்கே பி.எல். முடித்துவிட்டு அங்கே ஓராண்டு எல்.எல்.எம். என்ற மேற்படிப்பு படித்தால் நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் வக்கீலாவதற்கான பார் தேர்வு எழுதலாம். அது எளிய பகுதி. பிரவுன் வழக்கை நடத்திய கறுப்பின வக்கீல் மார்ஷல், உச்ச நீதிமன்றத்தில் 32 வழக்குகளில் வாதாடி 29-ல் ஜெயித்தவர், ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அவருடைய ஆசிரியரை. சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் 1930களில் ஒரு சினிமா கேமராவைத் தூக்கிக்கொண்டு தெற்குக் கரோலினா முழுக்கச் சுற்றினார். வெள்ளைப் பிள்ளைகளின் செங்கல் கட்டடத்தையும் கறுப்பினப் பிள்ளைகளின் பலகைக் கொட்டகையையும் படம் பிடித்துவந்தார். பிரவுன் தீர்ப்பைப் பார்க்காமலே 1950-ல் காலமானார். முதலில் போய்ப் பார், எண்ணு, படம் பிடி, அப்புறம் வாதாடு. அந்தப் பழக்கம் நாகர்கோவிலிலேயே வரும்.

கேள்வி: உங்களுக்கு மறக்க முடியாத கட்சிக்காரர் யார்?
– வாசகி, சென்னை

ஒரு கறுப்பின அம்மா. மூன்று மாத வாடகை பாக்கி என்று வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருந்தார். அந்த நீதிமன்றத்தில் ஒரு காலையில் அறுபது வழக்கு வரும், ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. காய்கறி போட்டு ஃபிரீசரில் வைப்பார்களே, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை, அதில் தன் காகிதங்களை எல்லாம் வைத்திருந்தார், கூரை ஒழுகுகிற வீடு. பதினான்கு மாதத்து மணி ஆர்டர் துண்டுகள். மேசையில் வரிசையாகப் பரப்பி எண்ணினோம். பாக்கி என்று சொன்ன மூன்று மாதத்தில் இரண்டுக்குத் துண்டு இருந்தது, ஒன்றில் வீட்டுக்காரரின் கையெழுத்தே இருந்தது.

வழக்கைத் தள்ளுபடி செய்ய வைக்க முடியவில்லை. ஒரு மாதப் பாக்கி நிஜம். பிள்ளைகளின் பள்ளி முடியும் ஜூன் வரை இருக்கலாம் என்று சமரசம் ஆயிற்று. வெளியே வந்ததும் அந்தத் துண்டுகளை என்னிடமிருந்து திருப்பி வாங்கி, தேதி வரிசை மாறாமல் அதே பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். அங்கே ஒருமுறை வழக்கு வந்துவிட்டால் அது பதிவில் நின்றுவிடும், புது வீட்டுக்காரர்கள் அதைத்தான் முதலில் தேடிப் பார்ப்பார்கள். "அடுத்த வீட்டுக்காரருக்குக் காட்ட வேண்டும்" என்றார்.