டிராம் பாதை போடும் வேலை: வாசகர் கேள்வி - பதில்

தெருவிலேயே தண்டவாளம் பதித்து ஓடும் டிராம் வண்டிகளுக்குப் பாதை திட்டமிடும் பணியில் வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டு, சொந்த ஊரான குன்னூருக்குத் திரும்பியிருப்பவர் இந்த இதழில் பதில் எழுதுகிறார்.

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். போக்குவரத்துத் திட்டமிடல் படிக்கப் போகிறேன், அதிலும் டிராம்தான் என்கிறாள். நம் நாட்டில் டிராமே இல்லையே, இது சோறு போடுமா?
*ஒரு தாய், கோத்தகிரி*

போடும் அம்மா. ஆனால் டிராமுக்கென்று நம் ஊரில் தனிப் பட்டப்படிப்பு கிடையாது. முதலில் சிவில் இன்ஜினீயரிங், அல்லது பி.ஆர்க். (கட்டடக்கலை), பி.பிளான். (நகரத் திட்டமிடல்). அப்புறம் கேட் நுழைவுத் தேர்வு எழுதி மேல்படிப்பு. அண்ணா பல்கலைக்கழகம், சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி. மூன்றிலும் போக்குவரத்துப் பொறியியல் இருக்கிறது. திட்டமிடல் பக்கம் போக நினைத்தால் டெல்லியில் திட்டமிடலும் கட்டடக்கலையும் கற்பிக்கும் எஸ்.பி.ஏ. கல்வி நிறுவனத்தில் அதற்கென்றே முதுநிலைப் படிப்பு உண்டு.

முதல் சில வருடங்கள் அநேகமாக பஸ், மெட்ரோ வேலைதான் கிடைக்கும். அதை வீண் என்று நினைக்க வேண்டாம். ஒரு பஸ் ஸ்டாப்பை எங்கே வைப்பது என்று தெரிந்தவருக்குத்தான் டிராம் நிறுத்தத்தை எங்கே வைப்பது என்று தெரியும். டிராமை ஒழித்த ஊர்கள் பலவும் அதைத் திரும்பக் கொண்டுவந்தன: பிரான்சில் 1985-ல் நாண்ட், 1987-ல் கிரெனோபிள், இங்கிலாந்தில் 1992-ல் மான்செஸ்டர். இங்கேயும் 2019-ல் மத்திய அரசு ‘மெட்ரோலைட்’ என்று சிறிய நகர ரயிலுக்கான தர விதிகளை வெளியிட்டது. அது டிராமுக்கு நெருங்கிய சொந்தம்தான். உங்கள் மகள் படித்து முடிக்கும்போது வேலை இருக்கும்.

சென்னையில் ஓடிய டிராம் ஏன் நின்றது?
*வாசகர், கூடலூர்*

1895-ல் மின்சாரத்தில் ஓட ஆரம்பித்தது, 1953 ஏப்ரலில் நின்றது. நடத்திய கம்பெனி நஷ்டத்தில் மூழ்கியது, பஸ்ஸோடு போட்டி போட முடியவில்லை. மும்பையில் 1964 வரை ஓடியது, கொல்கத்தாவில் மட்டும்தான் அதற்குப் பிறகும் டிராம் தாக்குப்பிடித்தது.

ஊட்டியில் டாக்ஸி ஓட்டுகிறேன். சீசனில் சேரிங் கிராஸைத் தாண்டுவதற்குள் உயிர் போகிறது. இந்த மேட்டில் டிராம் ஏறுமா? வந்தால் நெரிசல் தீருமா?
*வாசகர், உதகை*

ஏறும் அண்ணா. நம் மலை ரயில் கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்து ஏறுவதைப் பார்த்து வளர்ந்ததால் நமக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம். அங்கே சரிவு 12 அடிக்கு 1 அடி, அதாவது 8 சதவீதத்துக்குச் சற்று மேல். பின்னால் நிற்கும் ஒரே இன்ஜின் எல்லாப் பெட்டிகளையும் தள்ளியாக வேண்டும். வழுவழுப்பான தண்டவாளத்தில் அதன் சக்கரங்களுக்கு மட்டும் அவ்வளவு பிடிப்பு கிடைக்காது, அதனால்தான் நடுவே பல்தண்டவாளம். மேட்டு ஊர் டிராம் அப்படியில்லை. ஏறக்குறைய எல்லாச் சக்கரத்துக்கும் மோட்டார் இருக்கும், வண்டியின் எடை முழுவதும் பிடிப்பாக மாறும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 10 சதவீதச் சரிவில் ஓடுகிறது. லிஸ்பனில் 13 சதவீதத்தையும் தாண்டிய தெரு உண்டு, பல்சக்கரம் இல்லாமலே.

ஏறுவதைவிட நிற்பதுதான் கஷ்டம். மழையில் நனைந்த தண்டவாளத்தில் இலை ஒட்டினால் சக்கரம் வழுக்கும். அதற்காக டிராமில் மணல் பெட்டி இருக்கும், சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தூவும். அவசரத்துக்குத் தண்டவாளத்தையே கவ்வும் காந்த பிரேக்கும் உண்டு.

ஆனாலும் ஊட்டிக்கு டிராம் போடச் சொல்லி நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு தடம் போட ஏழு மீட்டர் அகலம் வேண்டும். கமர்ஷியல் ரோட்டில் அதைக் கொடுத்தால் காருக்கு இடமில்லை. காருக்கு இடத்தைக் குறைக்கத் துணிந்துவிட்டால், அந்த இடத்தில் நல்ல மினி பஸ் விட்டாலே பாதி நெரிசல் போய்விடும். 2024 மே மாதத்தில் வந்த இ-பாஸ், மலைக்கு வரும் வண்டியைத்தான் கணக்கில் எடுக்கிறது. வந்த வண்டியை ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு ஆட்களை உள்ளே கூட்டிப்போக ஏற்பாடு வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்கு அதில் நிச்சயம் வேலை உண்டு.

எனக்கு ஆசை வேறு இடத்தில். குன்னூரிலிருந்து ஊட்டி வரை பல்சக்கரம் கிடையாது, சரிவும் 25-க்கு 1 தான். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஜனங்கள் குடியிருக்கும் இடமாகவே வழி போகிறது. 1908-ல் ஊட்டியைத் தொட்ட பாதை அது. ஒற்றைத் தடம்தான், யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமும்கூட, கை வைப்பதில் கவனம் தேவை. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும் காலை மாலை அடிக்கடி ஒரு சின்ன வண்டி ஓடினால், அந்தப் பாதை சுற்றுலாவுக்கு மட்டுமில்லாமல் நமக்கும் ஆகும். இதைக் கேட்பவரிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

இந்த வேலை ஆபீஸில் உட்கார்ந்து மேப் வரைவதுதானா?
*கல்லூரி மாணவர், கொடைக்கானல்*

இல்லை தம்பி. பாதி வேலை தரைக்கு அடியில். தண்டவாளம் விழும் இடத்துக்குக் கீழே குடிநீர்க் குழாய், சாக்கடை, கேஸ், கேபிள் என்ன போகிறது என்று ஆங்காங்கே குழி தோண்டிப் பார்க்க வேண்டும். டிராம் ஓட ஆரம்பித்த பிறகு குழாய் உடைந்தால் சேவையே நின்றுவிடும் என்பதால் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஓரத்துக்கு மாற்றுவார்கள். எடின்பரோவில் 2011-ல் ஓடும் என்ற டிராம் 2014-ல்தான் ஓடியது. இந்த மாற்றும் வேலை இழுத்தடித்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

மீதிப் பாதி, ஜனங்கள் நடப்பதைப் பார்ப்பது. தெரு டிராமின் தண்டவாளம் சாலையோடு சமமாகப் பதிந்திருக்கும், அதன் தலையில் சக்கர விளிம்பு ஓட ஒரு பள்ளம் இருக்கும். சைக்கிள் சக்கரம் அதில் சாய்வாக இறங்கினால் ஆள் விழுவார். ஆகவே சைக்கிள்கள் குறுக்கே கடக்கும் இடத்தை நேர்க்கோணத்தில் திருப்பிவிட வேண்டும். நிறுத்தத்தின் மேடை வண்டியின் தரையோடு சமமாக, சுமார் ஒரு அடி உயரத்தில் இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் ஏற வேண்டுமே. கேத்திப் பக்கம் கேரட் மூட்டையோடு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களைப் பாருங்கள். மூட்டையை எங்கே இறக்கி வைக்கிறார்கள், ஏறும்போது யார் தூக்கிக் கொடுக்கிறார்கள் என்று கவனித்தால் நிறுத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று புரிந்துவிடும்.

நீங்கள் இப்போதே ஆரம்பிக்கலாம். ஏழு ரோடு சந்திப்பில் ஒரு சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் நின்று, எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் நடந்து, எத்தனை பேர் பஸ்ஸில், எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். காரை எண்ணாதீர்கள், உள்ளே இருக்கும் ஆட்களை எண்ணுங்கள். அந்தத் தாளை அனுப்பினால் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.